நோய்க்கு ஒரு நியாயம் உண்டா?

ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் எம்மவர் மத்தியில் எழும் முதற் கேள்வி அவர் எப்படி இருக்கிறார் என்பதல்ல. "ஆள் குடிக்கிறவரோ, சிகரட் பத்துறவரோ?" என்பதுதான். இதை அக்கறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது ஒரு விசாரணை. ஆம் என்று பதில் வந்தால் மனம் ஆறுதலடைகிறது. அவர் செய்தார், அனுபவிக்கிறார். நான் செய்யவில்லை, ஆகவே எனக்கு வராது. இல்லை என்று பதில் வந்தால் கலங்கிப் போகிறோம். வேறு ஏதாவது குற்றம் கிடைக்கும்வரை தேடுகிறோம்.

இந்தப் பழக்கம் நோயோடு மட்டும் நின்றதில்லை. எண்பதுகளில் எமது ஊர்களில் ஒருவன் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டுக் கிடந்தபோது, "சும்மா சுட்டிருப்பாங்களோ, ஏதாவது செய்திருப்பான்" என்று சொன்ன வாய்கள் எத்தனை? இறந்தவனைக் குற்றவாளியாக்கினால்தான் இருப்பவர் நிம்மதியாக உறங்கலாம்.

நாம் வந்து சேர்ந்த பலெர்மோ நகருக்கும் இது புதிதல்ல. 1575ல் இங்கு கொள்ளைநோய் பரவியபோது அதை எதிர்கொண்ட வைத்தியர் ஜொவான்னி பிலிப்போ இங்கிராசியா மூன்று மருந்துகளைக் கூறினார்: செலவுக்குப் பொன், தொற்றுப்பட்ட பொருட்களுக்குத் தீ, கட்டளையை மீறுவோருக்குத் தூக்குமரம். 1624ல் நோய் மீண்டும் வந்து, நகரை ஆண்ட அரசப் பிரதிநிதியையே கொண்டுபோனது. அப்போதுதான் பெல்லெக்ரீனோ மலையில் கண்டெடுக்கப்பட்ட சாந்தா றோசாலியாவின் எலும்புகளை மறுவருடம் நகர்வலம் கொண்டுசென்றார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எமது சனங்கள், சைவரும் கத்தோலிக்கருமாக, அதே மலையில் ஏறுகிறார்கள். அங்கே கேட்கப்படாத ஒரு கேள்வி கீழே வீடுகளில் கேட்கப்படுகிறது: இந்த நோய் எந்த வினையால் வந்தது?

தொண்டைப் புற்றுநோய் விடயத்தில் விஞ்ஞானம் இக்கேள்வியைத் தலைகீழாக்கி விட்டது. புகையிலையும் மதுவும் இதன் காரணங்கள் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் உறுதியாகியுள்ளது. சுருட்டும் வெற்றிலையும் எமது முற்றங்களில் மரியாதைக்குரிய பொருட்கள். ஆகவே அவற்றால் வரும் நோயில் அவமானம் குறைவு. ஆனால் டான்சில்களிலும் நாவின் அடிப்பகுதியிலும் தோன்றும் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்குக் காரணம் மனித பப்பிலோமா வைரஸ். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் அதுவே காரணம் என்று காட்டியதற்காக ஹரால்ட் சுர் ஹௌசன் 2008ல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸ் பாலுறவின் வழி தொற்றுவது. இங்கேதான் எமது குரல் தாழ்கிறது.

2010ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, தொண்டையின் இப்பகுதியில் முற்றிய புற்றுநோய் கண்டவர்களைத் தொடர்ந்து பார்த்தது. கட்டியில் வைரஸ் இருந்தவர்களில் மூன்று வருடங்களின் பின் உயிரோடிருந்தோர் 82.4 வீதம். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 வீதம். அதாவது, ஊர் வெட்கப்படும் காரணத்தால் நோயுற்றவர் அதிகம் பிழைக்கிறார். ஊர் இரக்கப்படும் காரணத்தால் நோயுற்றவர் அதிகம் இறக்கிறார். நோய் ஒரு நீதிபதி என்றால் அதன் தீர்ப்புப் புத்தகம் எமது புத்தகம் அல்ல.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. புகை, கலத்தின் காவலனான பி53 என்ற மரபணுவைச் சிதைத்து விடுகிறது. வைரசோ அந்த மரபணுவைச் சிதைப்பதில்லை. அது உருவாக்கும் புரதத்தை மட்டும் அழித்துக்கொண்டிருக்கிறது. அத்தோடு வைரசின் புரதங்கள் உடலுக்கு அந்நியமானவை. நிர்ப்பீடனம் அவற்றை அடையாளம் காண்கிறது. எதிர்ப்புக் கலங்கள் நிறையப் புகுந்துள்ள கட்டியைக் கொண்டவர் கூடுதலாகப் பிழைக்கிறார். புகையும் சேர்ந்துவிட்டால் இந்த நன்மை குறைகிறது.

அப்படியென்றால் நல்ல நிர்ப்பீடனம் ஒரு நற்குணமா? "மனத்தைரியத்தால் நோயை வென்றார்" என்று மரண வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சொல்கிறோம். அப்படியானால் இறந்தவர் கோழையா? இந்த வைரஸ் வாழ்நாளில் பெரும்பாலானோரைத் தொடுகிறது. அநேகரில் ஓரிரு வருடங்களில் தானே அகன்றுவிடுகிறது. சிலரில் மட்டும் பல பத்தாண்டுகள் தங்குகிறது. எச்ஐவி தொற்றியவரிலும் சிறுநீரகம் மாற்றி மருந்து எடுப்பவரிலும் அது அகல்வது கடினம். அகன்றவர் ஒழுக்கமானவர் அல்லர். தங்கியவர் ஒழுக்கம் கெட்டவரும் அல்லர். இன்று தெரிந்த நோயை வைத்து ஒருவரின் இன்றைய தாம்பத்தியத்தை அளப்பது வெறும் அறியாமை.

இதனால் பொறுப்பு என்ற ஒன்றே இல்லை என்று சொல்ல வரவில்லை. குற்றம் சாட்டுவது பின்னோக்கிப் பார்க்கிறது. பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கிறது. சிகிச்சையில் இருப்பவரிடம் புகைப்பதை நிறுத்தச் சொல்வது பொறுப்பு. "அப்பவே சொன்னோம்" என்பது குற்றச்சாட்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது பொறுப்பு. இலங்கையில் 2017 முதல் பாடசாலைச் சிறுமிகளுக்கு அது கொடுக்கப்படுகிறது. இத்தாலியில் ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. "என் பிள்ளைக்கு அது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர், பிள்ளையின் ஒழுக்கத்தைக் காப்பதாக எண்ணி அதன் தொண்டையைக் காக்கத் தவறுகிறார்கள்.

புகலிடத்தில் இந்த வெட்கத்துக்கு இன்னொரு கூர்மை உண்டு. வீடு துடைக்கவும் சமைக்கவும் போதுமான இத்தாலிய மொழி வைத்தியசாலைக்குப் போதாது. ஆகவே மகளோ அயலவரோ மொழிபெயர்ப்பாளராகப் போகிறார்கள். தந்தையின் வாழ்க்கை குறித்த கேள்வியை மகள் எந்தத் தமிழில் கேட்பாள்? தந்தை எதைச் சொல்வார்? எச்ஐவி பற்றியும் எடுக்கும் மருந்து பற்றியும் வைத்தியருக்குத் தெரியாமற் போனால், இழப்பது மானம் அல்ல, உயிர். நோயாளிக்கு அந்நியர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராகக் கேட்கும் உரிமை இருக்கவேண்டும். அதைக் கேட்பவரை நாம் சந்தேகிக்கக் கூடாது. வைத்தியர் அறிய வேண்டியது கட்டியில் வைரஸ் இருக்கிறதா என்பதே. அதைத் திசுப் பரிசோதனை சொல்லும். எப்போது, யாரிடமிருந்து என்ற கேள்விகளுக்குச் சிகிச்சையில் இடமில்லை.

இத்தாலியின் 1998ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வதிவிட அனுமதி இல்லாதவருக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சை கிடைக்கவேண்டும்; சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தும் சில சந்தர்ப்பங்கள் தவிர, வைத்தியசாலை அவரை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கூடாது. எப்படி இந்த நாட்டுக்கு வந்தாய் என்று கேட்காமல் எங்கே வலிக்கிறது என்று கேட்கும்படி ஒரு அந்நிய அரசு தன் வைத்தியர்களுக்குச் சொல்லியிருக்கிறது. பத்திரமின்றி வந்த எங்களில் பலர் அந்தக் கேள்வியின் அருமையை அறிவோம். அதே கேள்வியை எமக்குள் நோயுற்ற ஒருவரிடம் கேட்க எமக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?