ஏடும் வீடும்

கடலூரிலிருந்து பண்ணுருட்டி செல்லும் வழியிலே மேல்பட்டாம்பாக்கம் என்று ஓர் ஊர். பேருந்தில் செல்வோர் பெரும்பாலும் திரும்பியும் பாராத ஊர். எனினும், 1860ஆம் ஆண்டையொட்டி, செருமானியப் பாதிரியார் ஒருவர் தம் மிஷனோடு முரண்பட்டு வெளியேறி வந்து குடியமர்ந்த இடம் அது. பெயர் கார்ல் ஓக்ஸ். முரண்பாடு எதன்பொருட்டு? கர்த்தரைப் பற்றியன்று, சாதியைப் பற்றி!

அந்நாளில் லீப்சிக் மிஷனின் கோயில்களிலே மேல்சாதிக் கிறித்தவர்க்கு ஓரிடம், சேரிக் கிறித்தவர்க்கு வேறிடம். சாதி உலக வழக்கமேயன்றிச் சமயக் குற்றமன்று, மெல்ல மாறட்டும் என்பது அம்மிஷனின் தலைவர் கிரௌலின் வாதம். யார் இந்தக் கிரௌல்? 1856இல் நம் திருக்குறளைச் செருமன் மொழியில் பெயர்த்தவர்! பிறப்பிலே உயர்வு தாழ்வு இல்லையென்று சாற்றும் நூலைப் பெயர்த்த கைக்கு, கோயிலுக்குள் கிடந்த கோட்டை அழிக்க மனம் வரவில்லை. ஓக்ஸுக்கோ அக்கோட்டின் முன் நின்று போதிக்க நா எழவில்லை. வெளியேறினார்.

இந்தப் பழங்கதை பகுத்தறிவாளர்க்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். மத்தேயுவையும் மாற்குவையும் கற்றுத் தேர்ந்தா நம் நாட்டு ஏழை கிறித்தவத்தை எடைபோட்டான்? ஊரார் தீண்ட மறுத்த உடம்பிலே இருந்த புண்ணைத் தொட்டுக் கழுவினாள் ஒரு செவிலி, அவளைக் கண்டான். சேரிச் சிறுவனைப் பலகையில் உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார் ஓர் ஆசிரியர், அவரைக் கண்டான். அவன் படித்த வேதாகமம் அதுதான். நம்மிலே கடவுள் மறுப்பாளர் பலரும் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களே என்பதை மறைப்பானேன்?

அதே மக்கள் வேறொரு பக்கத்தையும் படித்தார்கள். 2008ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த எறையூர். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்கு. அங்கே வன்னியரும் கத்தோலிக்கர், தலித்துகளும் கத்தோலிக்கர். செபம் ஒன்று, செபமாலை ஒன்று. பிணம் போகும் பாதை மட்டும் இரண்டு! மனம் வெதும்பிய தலித் மக்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். மார்ச்சு 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டது. வன்னியர் இருவர் மாண்டனர், அவர்களும் கிறித்தவர்களே.

அதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன்னர், மார்ச்சு 2 அன்று, சிதம்பரத்தில் சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட முனைந்த முதியவர் ஆறுமுகசாமியை, அரசின் ஆணை இருந்தும், தீட்சிதர்கள் தடுத்ததை நாடு கண்டது. சைவ சித்தாந்தத்தில் ஒரு வரியும் அறியாதவன்கூட அன்று சைவத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பான்.

எறையூரைச் சுட்டிக் காட்டியபோது கிறித்தவ நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "அது மனிதர்களின் குற்றம், மார்க்கத்தின் குற்றமன்று." நல்ல விடைதான். ஆனால் அந்தச் செவிலியின் தொண்டைப் பேசும்போது மட்டும் அது மார்க்கத்தின் பெருமையாகிவிடுகிறதே, எப்படி? வரவை எல்லாம் மார்க்கத்தின் பெயரிலும் செலவை எல்லாம் மனிதர் பெயரிலும் எழுதும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வேலையில் வைத்திருப்பான்? ஓக்ஸ் அப்படி எழுதவில்லை. சபையின் குற்றத்தைச் சபையின் கணக்கிலேயே எழுதினார்.

நண்பரை மடக்கிவிட்ட மகிழ்ச்சி நமக்கு நெடுநாள் நிலைக்கவில்லை.

நாம் பாடம் நடத்தும் வகுப்பில், 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிப் பட்டங்களை வெட்டி எறிந்தார்கள் நம் முன்னோர் என்று சற்று உரத்த குரலிலேயே சொன்னோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். சேரியிலிருந்து வருபவன், அதிகம் பேசாதவன்.

"ஐயா, ஆசிரியர் அறையில் உங்கள் அக்கா கலியாணப் பத்திரிகை இருந்தது. அதில் உங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டிருக்கிறதே?"

சிதம்பரத்து மாமா அச்சிட்ட அழைப்பிதழ் அது. சாதகம் பார்த்து, சாதிக்குள்ளே முடித்த மணம். நாம் பந்தியில் நின்று பரிமாறினோம்.

"அது மாமா செய்தது, தம்பி" என்றோம். சொல்லி முடிக்குமுன்னரே, எறையூருக்கு நண்பர் சொன்ன அதே விடையை நம் நாவும் சொல்வதை உணர்ந்தோம். மாணவன் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று அமர்ந்துவிட்டான். அவன் நம்மை மன்னித்தானா, நம் கொள்கையை எடைபோட்டு முடித்துவிட்டானா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

இப்போது தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். பட்டம் போட்ட அழைப்பிதழும் சாதகக் கட்டமும் இருக்குமானால் பந்தலில் நம்மை எதிர்பார்க்க வேண்டாம் என்று மாமாவுக்கு எழுதியிருக்கிறோம். அம்மா இரண்டு நாட்களாக நம்மோடு பேசவில்லை. மாமாவின் மறுமொழி இன்னும் வரவில்லை.