ஏமாந்தவனும் ஏமாற்றியவரும்

2012 செப்டம்பர் முதல் வாரம். 'நீதானே என் பொன்வசந்தம்' பாடல்கள் வெளிவந்திருந்தன. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நான் சென்னையில் சிடியை வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் சனிக்கிழமை காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். அப்பாவோடு உட்கார்ந்துதான் முதல் தடவை கேட்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழிக்குப் பக்கத்தில் முதலில் டேப் ரெக்கார்டர் இருந்தது, பிறகு சிடி பிளேயர் வந்தது. நான் வளர்ந்த வீட்டில் சத்தம் என்றால் இரண்டுதான்: தறி, இளையராஜா.

எட்டுப் பாட்டும் ஓடி முடிந்தன. அப்பா நெய்வதை நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும், "தபேலாவே காணோமேடா" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். எனக்கு அப்படி விட முடியவில்லை. கௌதம் மேனன் படத்துக்கு முதல் தடவையாக ராஜா, வெளிநாட்டு வாத்தியக் கலைஞர்கள், நேரு உள்விளையாட்டரங்கில் பிரமாண்டமான வெளியீட்டு விழா. மாதக்கணக்கில் காத்திருந்தேன். 'சாய்ந்து சாய்ந்து' மாதிரி ஒரு மெட்டை யுவனிடம் ஏன் கொடுத்தார், 'புடிக்கல மாமு' எதற்கு என்று புலம்பிக்கொண்டே போய், கடைசியில் சொன்னேன்: "ஏமாத்திட்டாருப்பா."

அப்பா நாடாவைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். "இன்னாடா, உங்கிட்ட கைமாத்து வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கலயா அவரு?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பல வருடம் கழித்து, வேறு யாருடைய ஆல்பத்தையோ யாரோ திட்டுவதைக் கேட்டபோது, அப்பா கேட்டதில் ஒரு சரியான கேள்வி இருக்கிறது என்று பட்டது.

தமிழில் ஏமாற்றம் என்ற சொல் கொஞ்சம் விஷமமானது. எதிர்பார்த்தது கிடைக்காத வருத்தமும் ஏமாற்றம்தான், ஒருவன் பொய் சொல்லிப் பணம் பறித்ததும் ஏமாற்றம்தான். வினைச்சொல்லில் வித்தியாசம் உண்டு. ஏமாறு என்றால் தன்வினை, ஏமாற்று என்றால் பிறவினை. பெயர்ச்சொல்லுக்கு வரும்போது அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. 'இந்த ஆல்பம் ஏமாற்றம்' என்று சொல்லும்போது நான் ஏமாந்தேன் என்கிறேனா, அவர் ஏமாற்றினார் என்கிறேனா என்பது எனக்கே தெரியாது. பெரும்பாலும் முதலாவதை உணர்ந்து இரண்டாவதைச் சொல்கிறோம். ஒருவரை ஏமாற்றியவர் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு வாக்கு இருந்திருக்க வேண்டும். இளையராஜா எனக்கு என்ன வாக்குக் கொடுத்தார்?

வாக்கு இருக்கும் இடங்கள் உண்டு. 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான் ஒரு மையப் பாடல் செய்தார். அரசு விழா, மக்கள் வரிப்பணம், தேதி குறித்த வேலை. பாட்டு எடுபடவில்லை. ஏற்பாட்டுக் குழுவிலேயே அதிருப்திக் குரல் எழுந்தது. அதே வருடம் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஷகிரா பாடியதோடு ஒப்பிட்டு ஊரே பேசியது. அங்கே பேசியவர்களுக்கு ஒரு தார்மீகப் பிடிமானம் இருந்தது என்று நினைக்கிறேன். அது ஆர்டர் கொடுத்து நெய்யச் சொன்ன சேலை. நான் வாங்கிய சிடி அப்படியில்லை. கடையில் தொங்கியதை நானே பார்த்து எடுத்தேன்.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பெயர் என்பதே வாக்குதான், உறையில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன் என்று. இது வலுவான பதில். என் தொழிலிலும் இப்படித்தான். முந்தைய வெர்ஷனில் ஒழுங்காக வேலை செய்தது புதிய வெர்ஷனில் செய்யவில்லை என்றால் அது பிழை, விவாதமே கிடையாது. ரசிகர்கள் ஆல்பங்களையும் வெர்ஷன்களாகத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் முந்தைய வெர்ஷன் எது? எந்த இளையராஜாவோடு ஒப்பிட்டு நான் இதைக் குறை சொன்னேன்?

யோசித்துப் பார்த்தால், அப்படி ஒரு இளையராஜா இருந்ததே இல்லை. 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவர் எண்பதுகளில் சில வருடங்களில் நாற்பது, ஐம்பது படங்களுக்கு இசையமைத்தார். படத்துக்கு ஐந்து பாட்டு என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் எத்தனை நமக்கு நினைவிருக்கிறது? மறந்துபோனவை ஏராளம், அவற்றில் சாதாரணமானவையும் ஏராளம். எனக்குத் தெரிந்த ராஜா, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கேசட் கடையில் உருவானவர். அப்பா ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார், கடைக்காரர் டிடிகே 90-ல் பதிந்து தருவார். சீட்டில் இரண்டு பாட்டு குறைந்தால் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பிவிடுவார். அவருக்கு நல்ல காது. பத்துப் பன்னிரண்டு படங்களிலிருந்து பொறுக்கிய பதினெட்டுப் பாட்டு, ஒன்றுகூட மட்டம் கிடையாது. இதைத்தான் நான் 'பழைய ராஜா' என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தைச் செய்தது அப்பாவும் கேசட் கடைக்காரரும். எண்பதுகளின் இளையராஜாவாலேயே ஒரே படத்தில் அதோடு போட்டி போட்டிருக்க முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கேட்பவர்களை எனக்குத் தெரியும். 2019-ல் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய நாற்பத்தெட்டு நாளும் எங்கள் வீடு சத்திரம் மாதிரி இருந்தது. 1979-க்குப் பிறகு அப்போதுதான் வெளியே வருகிறார். வெளியூர் உறவினர் ஒருவர் பல மணி நேரம் வரிசையில் நின்று, சில நொடிகள் தரிசனம் செய்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அவ்ளோதானா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார். சாமியிடம் ஏமாற்றத்தைச் சொல்ல முடியாது. ராஜாவைச் சாமி என்கிற ரசிகர்களும் ஒரு ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் முதலில் இப்படிக் கன்னத்தில்தான் போட்டுக்கொள்கிறார்கள். தங்கள் காதில்தான் ஏதோ கோளாறு என்கிறார்கள். இன்னொரு கூட்டம் சாமியை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. இரண்டு கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன், சில சமயம் ஒரே வாரத்தில்.

நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறை. எங்கள் தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்குத் தனி நாடா, கரைகளுக்குத் தனி நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்க இன்னொருவர் வேண்டும். அன்றைக்கு வழக்கமாக வரும் பையன் வரவில்லை, நான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு டிவியில் கிரிக்கெட். என் காது அங்கே இருந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை தளர்ந்துவிட்டது. அப்பா கவனிக்கும்போது அதைத் தாண்டி நிறைய நெய்தாகிவிட்டது.

சேலையை முதலாளியிடம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் பாயில் விரித்து விளக்கு வெளிச்சத்தில் கையால் தடவிக்கொண்டே வந்தார். கை சரியாக அந்த இடத்தில் நின்றது. "மொதலியாரே, வேற யாராச்சும் கொண்டாந்திருந்தா நான் இதப் பெருசா எடுத்திருக்க மாட்டேன். உங்ககிட்டேர்ந்து எதிர்பாக்கல." கூலியில் முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.

முந்நூறு ரூபாயில் எனக்கு இப்போதும் புகார் இல்லை. பாவும் ஜரிகையும் அவருடையது, பேசிய தரம் வரவில்லை, கூலியைக் குறைத்தார். வாக்கு இருந்தது, தவறியது. என்னை உறுத்துவது அந்த வாக்கியம். அதே குறை சுமாரான நெசவாளியின் சேலையில் இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். முப்பது வருடம் நன்றாக நெய்ததற்காக அப்பாவுக்குக் கிடைத்தது, குறைந்தபட்ச மன்னிப்புக்கூட இல்லாத இடம். கூலிக் குறைப்பு சேலைக்கு, அந்த வாக்கியம் ஆளுக்கு. பத்து நாள் வேலையில் ஒரு சாணை வைத்து முப்பது வருடத்தின் மேல் ஒரு வரி எழுதிவிட்டார். அதோடு, தவறிய கை எது என்றும் அவருக்குத் தெரியாது. அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆமாங்க, கவனிக்காம உட்டுட்டேன்" என்றார்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இளையராஜாவிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். அந்த எட்டுப் பாட்டை ஒரு புது இசையமைப்பாளர் போட்டிருந்தால், 'காற்றைக் கொஞ்சம்' ஒன்றுக்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்திருப்பேன். ஒரு திரைப்பட ஆல்பத்தில் எத்தனை கை இருக்கிறது! மெட்டைத் தேர்ந்தெடுத்த இயக்குநர், பாடியவர்கள், எழுதிய நா. முத்துக்குமார், ஒலிப்பதிவு செய்தவர்கள். எந்த நாடா எங்கே தவறியது என்று எனக்கு என்ன தெரியும்? மொத்தத்தையும் ஒரே பெயரில் எழுதிவிட்டேன்.

குறைகளிலும் இரண்டு வகை உண்டு. அசட்டையால் வருவது ஒன்று, தெரியாத வேலையில் கை வைத்ததால் வருவது இன்னொன்று. நெசவில் இதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். இசையில் அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் அந்த ஆல்பத்தைச் செய்தபோது ராஜாவுக்கு அறுபத்தொன்பது வயது. தபேலாவை ஓரம்கட்டிவிட்டு, கிதாரையும் டிரம்ஸையும் முன்னால் வைத்து, நீளமான இடையிசைகளோடு கல்லூரிப் பிள்ளைகளின் காதல் கதைக்குப் பாட்டுப் போட்டிருக்கிறார். அசட்டையான ஆள் செய்கிற வேலையா அது? 1985-ஐ இன்னொரு தடவை சுலபமாகத் தந்திருக்கலாம். தந்திருந்தால் அரைத்த மாவையே அரைக்கிறார் என்று நானே எழுதியிருப்பேன். அசட்டையாகச் செய்த ஆல்பங்களும் உலகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும்போது ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல எனக்கு இன்றும் தயக்கமில்லை. 2012-ல் நான் செய்த தப்பு, இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லைப் போட்டது.

ஏமாற்றமே தராத இசைக்கலைஞர் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருந்தார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். லயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று பக்கவாத்தியப் பட்டாளத்தோடு அவர் செய்த 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகள் இன்றும் பேச்சில் இருக்கின்றன. பிருந்தா அவரிடம் பாடம் கேட்டவர். அவர் குடும்பத்துத் தனகோடி அம்மாளின் குரல் இசைத்தட்டில் ஏறியது. நாயனாப் பிள்ளையின் குரலில் ஒரு தட்டுகூட நமக்கு இல்லை. அதனால் அவருடைய சுமாரான கச்சேரி என்று ஒன்று நம்மைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. தொண்டை கட்டிய நாள், பல்லவி எடுபடாமல் போன நாள் அவருக்கும் இருந்திருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் போய்விட்டார்கள், புகழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவை வைத்து இளையராஜா பதிவு செய்து, கடைசிவரை வெளிவராத சிம்பொனியும் இப்படித்தான் எங்கள் வீட்டில் வாழ்ந்தது. கேட்காத அந்த இசையைப் பற்றி அப்பா எவ்வளவோ பேசியிருக்கிறார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய செய்தியைக் காட்டியபோது முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு, "அது நல்லா இருந்துச்சாமா?" என்று கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கேட்க எதுவும் இல்லாமல் புகழ் மட்டும் மிஞ்சிய ஒருவரைவிட, எண்பது வயதுக்கு மேலும் தன் பெயரைப் பணயம் வைத்து ஒன்றை வெளியே விடுகிறவர் மேல்தான் எனக்கு இப்போது மரியாதை அதிகம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது போனில் அந்த எட்டுப் பாட்டையும் மறுபடி போட்டேன். மூன்று பாட்டு இப்போது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, இரண்டு பரவாயில்லை. மற்றவை அன்றைக்குப் போலவேதான் ஒட்டவில்லை. அப்பா தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'புடிக்கல மாமு' ஆரம்பித்ததும், "இத்த தாண்டி உடுடா" என்றார். தாண்டிவிட்டேன்.