படாத அம்பு

நண்பனின் தங்கை போன மாதம் போன் செய்தாள். "அண்ணா, நான் டிஎம் பண்ணப் போறேன். ஒருத்தரோட ஆளு செத்துடும் போல இருந்தா பகடைய மாத்திச் சொல்லலாமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் ஒருமுறை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அது அவளுக்காகத்தான். அவளுக்குத் தெரியாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட விளையாட்டு இது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர், ஆளுக்கொரு பாத்திரம். டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம், மட்டும் மீதி உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். அடி படுமா படாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். டிஎம் தன் பகடையை ஒரு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவது பல மேசைகளில் வழக்கம். அங்கே விழும் எண் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று நாங்கள் ஆடியது 2014இல் புதியவர்களுக்கென்றே வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்'. முதல் சண்டையில் வழிமறிப்பவை நான்கு கோப்ளின்கள். சண்டை எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட அந்தப் பதிப்பில் ஒரு முறை உண்டு. கோப்ளின் ஒன்றுக்கு 50 புள்ளி, நான்குக்கு 200. கூட்டமாக வந்தால் ஆபத்து அதிகம் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். 400. முதல் நிலையில் இருக்கும் நான்கு பேருக்கு 400 என்பது சரியாக 'உயிருக்கு ஆபத்து' என்ற வரம்பு. புதுசா வர்றவங்களுக்கு முதல் சண்டையே இப்படி!

அவள் மந்திரவாதி. முழு உயிர்ப்புள்ளியே 8, அதில் மிச்சம் 3. ஒரு கோப்ளின் அம்பு எய்தது. தடுப்புக்குப் பின்னால் இருபது விழுந்தது. இருபது என்றால் சேதப் பகடை இரண்டு மடங்கு. 5, 4, அதோடு வழக்கமான 2. மொத்தம் 11. இருந்த 3 போக மிச்சம் 8. மிஞ்சும் சேதம் முழு உயிர்ப்புள்ளியைத் தொட்டால் மயக்கம் கிடையாது, பிழைக்கப் பகடை உருட்டும் வாய்ப்பும் கிடையாது. நேராக மரணம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெயர், ஊர், அம்மா யார், எதற்குப் பயம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஆட ஆரம்பித்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

"படல. காதோரமா போயிடுச்சு" என்றேன்.

அடுத்த முறை அவளுடையது. உறக்க மந்திரம் போட்டாள். ஐந்து எட்டுமுகப் பகடைகள், கூட்டுத்தொகை 22. ஏழேழு உயிர்ப்புள்ளி கொண்ட மூன்று கோப்ளின்கள் அங்கேயே சரிந்தன. மேசையே எழுந்து கத்தியது. அதன்பிறகு புதிதாக யார் ஆட வந்தாலும் அவள் முதலில் சொல்லும் கதை அதுதான். "மூணே புள்ளி இருந்துச்சு, அம்பு காதுகிட்ட போச்சு, அப்பவும் நான் பயப்படல." ஒவ்வொரு முறையும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன்.

என் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சண்டையின் கடினத்தை அளந்து வைக்க வேண்டியவன் நான். என் அளவு பிசகியதற்குத் தண்டனை அவளுக்கு ஏன்? பகடைக்கு அறிவு கிடையாது, எனக்கு இருக்கிறது. அந்தப் பதிப்பின் டிஎம் கையேடே தடுப்புக்குப் பின்னால் எண்ணை மாற்ற இடம் தருகிறது. கூடவே, அடிக்கடி செய்யாதே, செய்வதைக் காட்டிக்கொள்ளாதே என்றும் எச்சரிக்கிறது. எனக்கு உறுத்தியது அந்த இரண்டாவது எச்சரிக்கைதான். பெற்றவருக்குத் தெரிந்தால் கெட்டுப்போகும் என்றால் அது என்ன மாதிரி உதவி?

இந்த விளையாட்டு வந்த அதே 1974இல் ராபர்ட் நோசிக் ஒரு கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். அதில் படுத்துக்கொண்டால் எந்த அனுபவம் வேண்டுமானாலும் கிடைக்கும். நாவல் எழுதியதாக, நண்பர்களைப் பெற்றதாக நிஜம்போலவே தோன்றும். அதில் படுத்துக்கொள்வீர்களா என்பது அவர் கேள்வி. மாட்டோம் என்பது அவர் வாதம். செய்ததுபோல் உணர்வது நமக்குப் போதாது, செய்திருக்கவும் வேண்டும். நோசிக் நம்மிடம் கேட்டுவிட்டாவது படுக்கச் சொன்னார். நான் அவளைக் கேட்காமலே படுக்க வைத்துவிட்டேன்.

சகுனியும் ஞாபகத்துக்கு வருவார். அவர் தோற்கடிக்க ஏமாற்றினார், நான் காப்பாற்ற ஏமாற்றினேன். நோக்கம் வேறுதான், பெரிய வித்தியாசம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்து ஆடுபவரின் இடம் இரண்டிலும் ஒன்றே. முடிவு வேறொருவர் கையில் இருக்கிறது. அவரோ தான் ஆடிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்.

அப்படியானால் இரக்கமே கூடாதா? கூடும். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நான்கு கோப்ளின்களை மூன்றாகக் குறைப்பது பொய் அல்ல. மலை எவ்வளவு உயரம் என்று ஏறுவதற்கு முன் முடிவு செய்வது அது. "முதல் நிலையில நேரடி மரண விதி வேண்டாம்" என்று எல்லோரிடமும் முதலிலேயே பேசிக்கொள்வதும் பொய் அல்ல. அந்தச் சாகசத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஒருவேளை கோப்ளின்கள் ஜெயித்தால், வீரர்களை மயக்கத்தில் விட்டுவிட்டு, இருப்பதைக் கொள்ளையடித்துக்கொண்டு போய்விடும். அவற்றுக்கு வேண்டியது பொருள்தான். இங்கே இரக்கம் கதைக்குள் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது. தோல்வியும் தோல்வியாகவே இருக்கிறது. ஆனால் பகடையை உருட்டுவது என்றால், இதை நான் தீர்மானிக்கப் போவதில்லை என்று மேசைக்கு வாக்குக் கொடுப்பது. எந்த எண் விழுந்தாலும் தாங்க முடியாது என்றால், உருட்டியே இருக்கக் கூடாது.

இதையெல்லாம் போனில் அவளிடம் சொன்னேன். இவ்வளவு சொல்லிவிட்டு அதை மட்டும் மறைக்க முடியவில்லை. அதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ நான் தூங்க வெச்சது?"

"அது நிஜம்மா. அந்தப் பகடை உன் கையில இருந்துச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம்."

"ஆனா அந்த நேரத்துல நான் உயிரோடவே இல்ல. அதானே அண்ணா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றாள். பரவாயில்லை என்று தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் நடத்திய முதல் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். மேசையில் தடுப்பு இல்லை. எல்லாப் பகடையையும் நடுவில், எல்லோர் கண்முன்னும் உருட்டினாள். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் புதியவர்கள். ஆரம்பிக்கும் முன் அவர்களிடம் அவள் அந்தக் கதையைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.