வேலைக்காரிக்கும் ஓய்வுநாள்

உட்காருங்க. பின்னாடி நிக்கிற தம்பி, முன்னாடி வா. டெல்லி பஸ்ல இடம் பிடிக்கச் சண்டை போடுறோம், சபையில முன் வரிசை மட்டும் காலி!

"பாரம் சுமக்கிறவங்களே, என்கிட்ட வாங்க, இளைப்பாறுதல் தருவேன்"ங்கிற மத்தேயு 11:28 தெரியாதவங்க கை தூக்குங்க. ஒருத்தரும் இல்ல. வீட்டுக் காலண்டர்லயே இருக்கு. அதுக்குக் கீழே நின்னுதான் சாவியைத் தேடுறோம், டிபன் பாக்ஸை மூடுறோம், குர்காவ்னுக்கு ஓடுறோம்.

ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயர் கதையைச் சொல்றேன். "மறுபடியுமா"ன்னு ஒரு அக்கா சிரிக்கிறாங்க. மறுபடியும்தான். 1907-ல அமெரிக்காவுல இருந்து லக்னோவுக்கு வந்த மிஷனரி. நம்ம டெல்லியில இருந்து ஒரு ராத்திரி ரயில்தான். பொறுப்பு மேல பொறுப்பு. எட்டரை வருஷத்துல உடம்பும் மனசும் நொறுங்கிப்போச்சு. லீவுல ஊருக்குப் போனார், சரியாகல. மலைக்குப் போனார், சரியாகல. கவனிங்க, லீவு போட்டும் சரியாகல! கடைசியில லக்னோவுல ஒரு ராத்திரி ஜெபத்துல, "என்னால முடியல"ன்னு ஒத்துக்கிட்டு, பாரத்தைக் கர்த்தர் கையில கொடுத்துட்டார். அப்புறம் வேலை குறைஞ்சதா? இல்லீங்க! 1973-ல, 89 வயசுல காலமாகுறவரைக்கும் ஊழியம்தான். வேலை அதேதான், பாரம் கைமாறிச்சு. எல்லாரும் சொல்லுங்க, பாரம் கைமாறிச்சு!

வேலை செய்யுறது தப்புன்னு நினைச்சு, இயேசு வீட்டுக்கு வந்தப்போ சமையல்ல பரபரத்த மார்த்தாளைத் திட்டாதீங்க. அவ சமைக்கலேன்னா அன்னைக்கு எல்லாரும் பட்டினி. கர்த்தர் குறை சொன்னது சமையலை இல்ல, கலக்கத்தை.

ஐயர் கதை முடியல. 1930-ல நைனிடால் பக்கம் சாத்தால்ல ஆசிரமம் ஆரம்பிச்சார். சாத்தால்ல துப்புரவு செய்யுறவருக்கு லீவு கொடுத்துட்டு, அந்த வேலையை ஆசிரமத்துல தங்கினவங்களே செஞ்சாங்க. பாரம் கைமாறினவனுக்குத்தான் அடுத்தவன் பாரம் கண்ணுக்குத் தெரியும்.

ஓய்வுநாள் கட்டளை, யாத்திராகமம் 20:10-ஐ முழுசா வாசிங்க. நீ, உன் பிள்ளைங்கன்னு நிக்கல. வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன் வரைக்கும் போகுது. நம்ம வீட்டுல? நாம ஆராதனை முடிச்சுப் போறதுக்குள்ள பாத்திரம் கழுவுற அக்கா வாசல்ல நிக்கணும். பாரத்தைக் கர்த்தர்கிட்ட கொடுக்கச் சொன்னா, அந்த அக்கா தலையில வைக்கிறோம். என்ன, இதுக்கு ஆமென் வரல?

அடுத்த ஞாயிறு அவங்களுக்கு லீவு. சம்பளத்துல பிடிக்கக் கூடாது. திங்கட்கிழமைக்குப் பாத்திரத்தைக் குவிச்சு வைக்கவும் கூடாது. சிரிக்காதீங்க, சிலரை எனக்குத் தெரியும்! அண்ணன்மாரே, அன்னைக்குக் கழுவுற வேலை உங்களுக்கு. மனைவிகிட்ட தள்ளிட்டு வந்து சாட்சி சொல்லாதீங்க.

எழுந்து நில்லுங்க, ஜெபிப்போம்.