மிச்சம் யாருடையது?

2021 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பழைய கம்ப்யூட்டரைச் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சாத்தூரில் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்கு டேலியில் பில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. எண்ட்ரிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த மெஷினை நானே ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டியிருந்தேன். "நல்ல ஸ்பீடா இருக்கும் பாரு" என்று சொன்னேன். ஏன் ஸ்பீடாக இருக்கும் என்று சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் போன் செய்தாள். "அண்ணே, திடீர் திடீர்னு ஸ்கிரீன் நீலமாகி அணைஞ்சிருது. நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

அவள் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியம்தான் இன்றுவரை என்னை விடவில்லை.

ஆபீஸ் முடிந்து இரவு 11 மணிக்கு மேல் இங்கிருந்தே அவள் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். வைரஸ் இல்லை. டிரைவர்களை எல்லாம் புதுப்பித்தேன். மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓட விடச் சொன்னேன். ரேமில் ஒரு பிழைகூட இல்லை. பிராசஸரை முழுச் சுமையில் வாட்டும் பிரைம்95-ஐ இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அசையவில்லை. "மெஷின்ல ஒண்ணுமில்ல, நீ பாத்து யூஸ் பண்ணு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட கிராஷுக்கு 'ரேண்டம்' என்று பெயர். காரணம் கிடைக்காததை எல்லாம் போட்டு வைக்கும் பரண் அந்த வார்த்தை.

வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். எண்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில், அணைந்த நேரத்தை எல்லாம் குறித்து வைத்திருந்தாள். 1.40, 2.15, 3.05, 1.20. ஒன்றுகூட ராத்திரியில் இல்லை, காலையிலும் இல்லை. அவள் உட்கார்ந்து வேலை செய்வது தகரக் கூரை போட்ட முன்னறையில். சாத்தூர் மத்தியான வெயிலில் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் டெஸ்ட் செய்ததெல்லாம் குளிர்ந்த பிறகு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெஷினை நான் ஓவர்கிளாக் செய்திருந்தேன். 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 4.4-க்கு ஏற்றி, அது தடுமாறாமல் இருக்க வோல்டேஜை 1.2-லிருந்து 1.35-க்குத் தூக்கியிருந்தேன். பெங்களூரில், டிசம்பர் குளிரில், ஃபேனுக்கு அடியில் வைத்து 'ஸ்டேபிள்' என்று நானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன்.

ஒரு பிராசஸர் இன்ன வேகத்தில் ஓடும் என்று கம்பெனி எழுதித் தரும்போது அதற்குக் கீழே கொஞ்சம் மிச்சம் இருக்கும். வெயில் நாள், தூசி அடைத்த ஃபேன், ஏறி இறங்கும் மின்சாரம், சில வருடத் தேய்மானம் எல்லாவற்றையும் தாங்குவதற்கான மிச்சம். நன்றாக ஓடும் நாளில் அது வீணாகக் கிடப்பது போலத் தெரியும். ஓவர்கிளாக் என்பது அதை எடுத்துச் செலவழிப்பது. பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். என் கணக்கைப் போட்டால் 10 சதவீத வேகத்துக்குக் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல் சூடு. அந்தச் சூட்டைத் தாங்க வேண்டிய மிச்சத்தைத்தான் ஏற்கெனவே தின்றாகிவிட்டதே.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும். வீயா லாகர் என்ற பெயரில் மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. வன்பொருளில் பிழை வந்தது, திருத்திக்கொண்டேன் என்று பிராசஸர் தானே எழுதி வைத்த குறிப்புகள். முதல் கிராஷுக்குப் பல நாள் முன்பிருந்தே இருந்தன. மெஷின் முனகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2005-இல் இதேபோல ஒரு கதையை எழுதினார். நடக்கவே வாய்ப்பில்லாத இடங்களில் விண்டோஸ் விழுவதாக கிராஷ் அறிக்கைகள் வந்தன. ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்ஜியமாக்கும் சாதாரணக் கட்டளையில்கூட விழுந்திருந்தது. விசாரித்தால் ஓவர்கிளாக் செய்த மெஷின்கள். சிலருக்குத் தங்கள் மெஷின் ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்பதே தெரியாது, கடைக்காரர் சொல்லாமல் விற்றிருக்கிறார். படித்தபோது அந்தக் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு நானே அந்தக் கடைக்காரரானேன்.

நான் மெஷினைக் கொடுத்துவிட்டு வந்ததற்கும் அவள் போன் செய்ததற்கும் நடுவில், பிப்ரவரி 12-ஆம் தேதி மத்தியானம், சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். சித்தியும் ஒரு பட்டாசு ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாள். அவள் வேலை பார்ப்பது வேறு ஆபீஸ், ஆனால் போன் எடுக்கவில்லை. அவள் குரலைக் கேட்கும்வரை எங்கள் குடும்பத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒரு கம்ப்யூட்டர் அணைவதையும் ஓர் ஆலை வெடிப்பதையும் ஒரே தட்டில் வைக்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இழப்பில் ஒப்புமையே கிடையாது. ஆனால் மிச்சத்தைத் தின்னும் விதம் ஒன்றாக இருக்கிறது. ஒரு ஷெட்டில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று விதி உண்டு. "செவத்துலயே எழுதிப் போட்டிருக்கும்டா. சீசன்ல யாரு எண்ணிப் பாக்குறா?" என்பாள் சித்தி. நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருநாள் ஐந்தாவது ஆள் உட்கார்கிறார். எதுவும் நடக்கவில்லை. அந்த 'எதுவும் நடக்கவில்லை' என்பதே மறுநாள் ஆறாவது ஆளுக்கு அனுமதிச் சீட்டாகிறது. நான் பெங்களூரில் கொடுத்துக்கொண்ட சான்றிதழும் அதே ரகம்தான். விபத்து நடந்த பிறகு முதலில் கேட்கும் காரணம் பெரும்பாலும் 'உராய்வு', 'தொழிலாளியின் கவனக்குறைவு'. கை அங்கே இருந்தது உண்மை. ஆனால் ஒரு கை தவறினால் அதைத் தாங்குவதற்காக விட்டு வைத்த மிச்சம் எங்கே போனது?

அப்படியானால் மிச்சத்தைத் தொடவே கூடாதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். சித்தி கேட்பாள், "சீசன்ல நாலு காசு பாக்கலன்னா மத்த மாசம் எப்பிடித் திங்க?" என்று. பீஸ் ரேட் கூலியில் வேகம்தான் சோறு. தன் உயிரைத் தானே பணயம் வைக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றும் வாதாடலாம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, முழு மறுப்பும் இல்லை. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. எவ்வளவு மிச்சம் இருந்தது, அதில் எவ்வளவு போய்விட்டது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் சம்மதித்தார் என்பது பேச்சுக்குக்கூட நிற்காது. தெரியாதவருக்கு நேர்வது இன்னொன்றும் உண்டு. உடைந்தால் பழியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார். "நாந்தான் தப்பா அமுக்கிட்டேன் போல."

பயாஸில் எல்லாவற்றையும் பழைய அளவுக்கு எப்படி மாற்றுவது என்று போனிலேயே சொன்னேன். மாற்றினாள். சித்திரை வெயிலிலும் அணையவில்லை. 10 சதவீத வேகம் போனது அவளுக்குத் தெரியவே இல்லை. பிறகுதான் நான் செய்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப அந்த மூணு வாரம் போன எண்ட்ரிக்கெல்லாம் என் கூலில பிடிச்சாங்களே அண்ணே?"

எவ்வளவு என்று கேட்டு அன்றைக்கே அனுப்பினேன். வாங்கிக்கொண்டாள். என் மெஷினை இன்னும் ஓவர்கிளாக் செய்துதான் ஓட்டுகிறேன். ஆனால் மாற்றிய ஒவ்வொரு எண்ணையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு யார் திறந்தாலும் கண்ணில் படும்படி.