திருத்தமும் ஒப்புதலும்

தவற்றைத் திருத்துபவன் அதனைத் தவறென ஒப்புக்கொள்ளவும் கடமைப்பட்டவனா? ஒழுக்கவியலின் இப்பழைய வினா மோட்டார் வாகனத் தொழிலிலும் எழுந்ததுண்டு.

கிறைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற மினிவான்கள் குடும்ப வாகனங்கள் எனப் பெயர்பெற்றவை. 1984 முதல் 1995 வரையான மாதிரிகள் சில மோதுண்டபோது பின்கதவுத் தாழ் திறந்துகொண்டது. உள்ளிருந்தோர் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தனர். அரசு விசாரணை நடத்தியது. 1995 மார்ச்சில், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின் தாழ்களை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் இசைந்தது. ஆயினும் குறைபாடு உண்டென்பதை அது ஏற்கவில்லை. 'மீளழைப்பு' என்னாது 'சேவை நடவடிக்கை' என்றே பெயரிட்டது. கதவுத் தாழ் பற்றிய அமெரிக்க நியமம் அந்நாளிற் பின்கதவுகளை உள்ளடக்கவில்லை என்பதும் உண்மையே.

தாழ் மாற்றப்படுமாயின் சொல்லில் என்ன உளது எனச் சிலர் வினவலாம். ஆனால் வாகனத்தைப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் உரிமையாளரே. ஆபத்து என அறிந்தவர் அன்றே செல்வர். சேவை எனக் கேட்டவர் ஓய்வுள்ள நாள்வரை ஒத்திவைப்பர். அவ்விடைக்காலத்திற் பின்னாசனத்தில் அமர்ந்திருப்பது, வாகனத்தைத் தெரிவுசெய்வதிற் பங்கேதுமற்ற குழந்தை. ஆதலின் குறையைக் குறையென்று கூறுதலும் திருத்தத்தின் ஓர் உறுப்பாகும்.

சட்டம் கடமையின் கீழெல்லையை மட்டுமே வகுக்கிறது. தாழின் வலிமையைச் செய்தவன் அறிவான், வாங்கியவன் அறியான். அறிவு ஒருபக்கம் மிகுந்திருக்கும்போது பொறுப்பும் அப்பக்கமே மிகுகின்றது. ஒப்புதலின்றிச் செய்யப்படும் திருத்தம், அப்பொறுப்பின் பாதியை அறியாதவன் தோளில் ஏற்றிவிடுகின்றது.