மறுப்பவர் மீதுதானா குற்றம்?

மன நோய்க்கு வைத்தியம் தேடித் தாமாகவே வருகிற ஒருவர், வைத்தியர் வழி சொல்லத் தொடங்கியதும் வாதாடுகிறார், பேச்சை மாற்றுகிறார், மறுமுறை வராமலே நின்றுவிடுகிறார். மனநோய் வைத்தியர்கள் இதற்கு ‘எதிர்ப்பு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். வியன்னாவின் பிராய்டு, பிராயருடன் சேர்ந்து 1895-ல் வெளியிட்ட நூலிலேயே இதைப் பேசியிருக்கிறார். வேதனை தரும் நினைவு வெளிவராதபடி தடுக்கும் சக்தி நோயாளிக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் கருத்து.

அப்படியானால் குணமாகாததற்கு நோயாளியே பொறுப்பாளியா?

அமெரிக்காவில் குடிநோயாளியை நேருக்கு நேர் மடக்கி, ‘நான் குடிகாரன்’ என்று ஒப்புக்கொள்ள வைப்பதே சிகிச்சை என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். வில்லியம் மில்லர் என்ற உளநூல் அறிஞர் 1983-ல் வேறு வழி எழுதினார். வாதாடாமல் செவிசாய்த்தால், குடியை விடவேண்டிய காரணம் நோயாளியின் வாயிலிருந்தே வரும் என்றார். குடியால் தொல்லையுற்ற 42 பேரைக் கொண்டு அவரும் கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி 1993-ல் வெளிவந்தது. யாரிடம் எப்படிப் பேசுவது என்பதை, சீட்டுக் குலுக்குவதுபோல் முன்பே பிரித்திருந்தார்கள். மடக்கிப் பேசிய இடத்தில்தான் எதிர்ப்பு மிகுந்தது. எவ்வளவுக்கெவ்வளவு மடக்கினார்களோ, ஓராண்டுக்குப் பின் அவ்வளவுக்கவ்வளவு குடியும் அதிகமாயிருந்தது. ‘சொன்னால் கேட்கமாட்டான்’ என்று நாமும்தான் சொல்கிறோம். எப்படிச் சொன்னீர்கள் என்று யாரும் கேட்பதில்லை!

விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த வாலிபரைச் சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ அருகில் அமர்த்தி, உம் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி இது. விரும்பமாட்டேன் என்று சொன்னவர் அந்த வாலிபரே. ஆனால் ஹராம் ஹராமாகவே இருந்தது. வைத்தியர் தீர்ப்புச் சொல்லாமல் இருந்துவிடலாம். மார்க்கம் சொல்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி, குடிப்பவரின் மனைவி கேட்பாள்: “அவர் வாயிலிருந்து காரணம் வரும்வரை என் பிள்ளைகள் பட்டினி கிடக்கவா?” நியாயமான கேள்வி. அவளுக்குரிய செலவுப் பணத்தை வாங்கிக் கொடுப்பதற்கும், அடியிலிருந்து அவளைக் காப்பதற்கும் கணவரின் மனம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. கையைத் தடுக்க நமக்கு உரிமை உண்டு. உள்ளத்தைப் பிடித்துத் திருப்புவதற்குத்தான் யாருக்கும் இல்லை.

மென்மையிலும் ஒரு வஞ்சகம் நுழையக்கூடும். காது கொடுப்பதுபோல் நடித்து, முன்பே தீர்மானித்த பதிலைப் பிடுங்குவது அதட்டலைவிட மோசமானது. எதிரே இருப்பவர் அதை வெகு சீக்கிரம் கண்டுகொள்கிறார். பிறகு உண்மையாகவே கேட்க வருபவரையும் அவர் நம்புவதில்லை.